மேல்காற்றுச் சன்னல்

குற்றாலத்துக் காற்றைக் குறை சொன்னால் எங்கள் ஊரில் சோறு கிடைக்காது. அதனால் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பங்குனி மாதம். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கொடியில் போட்ட துணி மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது, என் மூச்சும் சொன்ன பேச்சுக் கேட்கிறது. எழுதுவதானால் இப்போதே எழுதிவிட வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் பேசுவதற்கே மூச்சைச் சிக்கனம் பிடிக்க வேண்டியிருக்கும். என்னைப் போல இளைப்பு வந்து, அது எதனால் வருகிறது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேலகரத்தில் இருக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் நடுவே வருகிற ஊர். வீட்டுக்கு மேற்கே வயல், வயலுக்கு அப்பால் மலை. அந்த மலை செங்கோட்டைக்கு அப்பால் ஓரிடத்தில் தணிந்து வழிவிடுகிறது. ரயில் அந்தக் கணவாய் வழியாகத்தான் மலையாளத்துக்குப் போகிறது. காற்று அதே வழியாகத்தான் வருகிறது. ஆனியிலும் ஆடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழையில் மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டு, அந்தச் சந்துக்குள் புகுந்து, நேரே எங்கள் ஊர் மேல் வந்து விழும். மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, மழை இல்லை என்று துணி உலர்த்தவும் முடியாது. அதற்குத்தான் சாரல் என்று பெயர். அதை அனுபவிக்கத்தான் மதுரையிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஜனங்கள் பெட்டி படுக்கையோடு வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு நாங்கள் வீட்டில் அறை விடுகிறோம். வயல் கொஞ்சம் உண்டு என்றாலும் குடும்பம் ஓடுவது சீசன் வாடகையில்தான். இருக்கிற அறைகளில் ராஜா, மேற்கு அறை. மலையைப் பார்த்தபடி இரட்டைக் கதவு வைத்த பெரிய சன்னல் அதில் உண்டு. மேற்கேயிருந்து வருகிற காற்று மேல்காற்று, அதனால் மேல்காற்றுச் சன்னல் என்போம். சீசனுக்கு அறை விடுகிற எந்த வீட்டிலும் சாரல் தொடங்கிய பிறகு அந்தச் சன்னலைச் சாத்த மாட்டார்கள். தெருமுனையில் நின்று அதைப் பார்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் உள்ளே வருவார்கள். சாத்தியிருந்தால், இந்த வீட்டுக்குக் காற்று வராது போலிருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க என் மாமியார் இரண்டையும் விரியத் திறந்து கயிறு போட்டுக் கட்டியே வைத்திருப்பாள். மாமியார் என்றால் வேறு யாருமில்லை, என் அப்பாவுடன் கூடப் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தை, பின்னாலும் அத்தை. அவள் மகன்தான் என் அத்தான்.

என் மகள் வடிவு பிறந்த மறு சாரலில் எனக்குத் தும்மலாக ஆரம்பித்தது. அடுத்த சாரலில் இருமல். அதற்கடுத்த சாரலில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் வந்துவிட்டது. இளைப்பு வராதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். மூச்சு முட்டுகிறது என்றால் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் நினைப்பார்கள். உள்ளே போய்விடும். வெளியேதான் வராது. போன காற்று வெளியே வராமல் அடுத்த மூச்சை எங்கே வாங்கி வைப்பது? தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இந்த மூச்சு போகட்டும், இந்த ஒரு மூச்சு போகட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.

வடிவுக்கு அப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. என் மடியில் ஏறி நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள்.

“அம்மா, உள்ள கார்டு மாமா விசில் ஊதுதாக” என்பாள். தென்காசி ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது கார்டு ஊதுவதைப் பார்த்தவள். என் நெஞ்சுக்குள்ளும் ஒரு ரயில் புறப்படப்போகிறது என்று அவளுக்கு நம்பிக்கை.

அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். “அருவில போயி நல்லா நில்லுட்டி. நம்ம ஊருத் தண்ணி தலையில விழுந்தா எந்த எளவும் ஓடிரும்” என்றாள். போய் நின்றேன். வரும்போது அத்தானும் இன்னொருவரும் என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அத்தை அசரவில்லை. சரியாக நிற்கவில்லை என்று என்னைத்தான் திட்டினாள்.

நான் மெலிந்துகொண்டே போனேன். அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை விடாமல் இருமி, உடம்பும் மெலிந்தால் ஊரார் மனதில் ஒரே பெயர்தான் வரும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தென்காசி டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வலது பக்கம் நிழல் மாதிரி ஒன்று தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் அத்தான் என்னைப் பார்க்காமல் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். க்ஷயம் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம், இருவரும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் சிவகிரியிலிருந்து என் தங்கை வந்து இறங்கினாள். வடிவைக் கூட்டிக்கொண்டு போக அத்தைதான் ஆள் விட்டு வரச்சொல்லியிருக்கிறாள்.

“ஏட்டி கோமதி, அழாதே” என்றாள் அத்தை. “புள்ளைக்கும் ஒட்டிக்கிட்டுன்னா பொறவு யாரை யாரு பாக்கது? டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், நானே போயிக் கூட்டிட்டு வாரேன்.”

“சொல்லலன்னா?”

அத்தை வடிவின் பாவாடைகளை மடிக்க ஆரம்பித்தாள். வடிவு போகும்போது என்னிடம் ஓடிவந்து வழக்கம்போல நெஞ்சில் காதை வைக்கப் பார்த்தாள். என் தங்கை நல்லவள்தான். ஆனாலும் குழந்தையைச் சட்டென்று பின்னால் இழுத்துவிட்டாள். அதன் பிறகு எனக்கு என் உயிர்மேல் இருந்த ஆசையெல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது. குழந்தை மறுபடியும் வந்து என் நெஞ்சில் காதை வைக்க வேண்டும். வைக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி திருநெல்வேலியில். பஸ் ஏறும்போது நான் சாகிற நிலையில்தான் ஏறினேன். பாவூர்சத்திரம் தாண்டியதும் தோள் கொஞ்சம் இறங்கியது. ஆலங்குளம் வந்தபோது சாரலும் இல்லை, மேகமும் இல்லை, வெள்ளை வெயில். நான் கடலை மிட்டாய் கேட்டேன். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீள பெஞ்சில் பாதி நாள் காத்திருந்து உள்ளே போனால், டாக்டர் கேட்டார், “என்னம்மா செய்யுது?”

நான் உண்மையைச் சொன்னேன். “இப்போ ஒண்ணும் செய்யல.”

அத்தான் முகம் சிவந்துவிட்டது. காலையில் இப்படி இருந்தது, அப்படி இருந்தது என்று என்னைப் போலவே குனிந்து, தோளைத் தூக்கி, இளைத்துக் காட்டினார். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. தென்காசிப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார். உடம்பு தேற வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்றார். கடைசியாக, “நல்ல காத்து வேணும். முடிஞ்சா ஒரு மாசம் குற்றாலத்துல போய்த் தங்குங்க” என்றார்.

“நாங்க அங்கனதான் இருக்கோம்!” என்று அத்தான் பரிசு விழுந்தவர் போலச் சொன்னார்.

“அப்புறம் என்ன? சன்னலைத் திறந்துவெச்சுப் படுத்துக்கோங்க” என்றார் டாக்டர்.

அத்தை இதைக் கேட்டதும் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சீசன் உச்சத்தில் இருந்தது. வருஷம் தவறாமல் வருகிற ஒரு மதுரைக் குடும்பம் மேற்கு அறைக்குச் சொல்லி வைத்திருந்தது. அத்தை அவர்களை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த அறையை எனக்குக் கொடுத்தாள். வாடகை போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளிகளுக்கென்று பரண்மேல் வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணைகளையும் எடுத்துப் போட்டு, கட்டிலைச் சன்னலுக்கு நேராக இழுத்து, கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

“ஊரான் காசு கொடுத்து வாங்குத காத்து. நீ சும்மா வாங்கு” என்றாள்.

வாங்கினேன். அந்த அறைச் சுவரில் சாரல் நாளெல்லாம் வேர்வை போல ஈரம் ஊறும். சன்னலுக்குக் கீழே சுண்ணாம்பு உப்பி, கறுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும். வருஷா வருஷம் வெள்ளையடிப்போம், வருஷா வருஷம் வரும். எங்கள் ஊரில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அந்த மெத்தையில் கிடந்து நான் அடிமட்டத்துக்குப் போய்விட்டேன். உதடும் நகமும் நீலம் பாரித்துவிட்டன. நான் இளைக்க இளைக்க, காற்றுப் போதவில்லை என்று அத்தை கட்டிலை இன்னும் சன்னலோரம் தள்ளினாள். இதைவிடப் பிரியமாக ஒருத்தியைக் கொல்ல முடியாது. கடைசியில் அத்தான் வாடகைக் கார் பிடித்து, பின் சீட்டில் என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, மறுபடியும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை ஆலங்குளம் தாண்டியும் தோள் இறங்கவில்லை. அதனால்தான் பிழைத்தேன் என்று சொல்லலாம். டாக்டர் என் இளைப்பைத் தன் கண்ணால் பார்த்தார்.

ஊசி போட்டார்கள். அட்ரினலின் என்று பெயர். போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து, கையெல்லாம் நடுங்கி, இதோ போகப்போகிறேன் என்று நினைக்கும்போது, அடைத்த மடை திறந்த மாதிரி மூச்சு வெளியே வந்தது. நான் அழுதேன். நர்ஸம்மா, அழுதால் மூச்சு வீணாகும் என்று அதட்டிவிட்டுப் போனாள்.

பொம்பளைகள் வார்டில் ஓரத்தில் எனக்குக் கட்டில். க்ஷயம் இல்லை என்று தெரிகிறவரைக்கும் கொஞ்சம் தள்ளியே போட்டிருந்தார்கள். விடியற்காலையில் சளியைக் காறி டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் க்ஷயக் கிருமி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முடிவு வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நர்ஸம்மா காகிதத்தோடு வார்டுக்குள் நுழைந்தால் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் யாருக்கும் பிடி கொடுக்காத முகம் வைத்திருந்தாள். ஒருவேளை நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் சேர்த்து ஒரே முகத்தைப் பழகிக்கொண்டாளோ என்னவோ.

அடுத்த கட்டிலில் ஞானம்மாள் என்று ஒருத்தி. சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரி. செம்மண் புழுதியைத் தின்றே வளர்ந்தோம் என்பாள். அவளுக்கும் நெஞ்சுச் சளி. நான் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, முகவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“குத்தாலத்துக்காரிக்கு மூச்சு முட்டுதா? கடவுளே! நாங்க ஒரு தடவ அங்கன வந்து மூச்சு விட்டுட்டுப் போகணும்னு வருசமெல்லாம் சீட்டு கட்டிச் சேக்கோம். நீ என்னடான்னா இங்கன வந்து கெடக்க?”

“மாத்திக்கிடுவமா அக்கா?” என்றேன். அவள் சிரித்து, அந்தச் சிரிப்பில் இருமி, எனக்கும் இருமல் வந்து, நர்ஸம்மா இருவரையும் திட்டினாள். ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அவளோடுதான். ஊரிலிருந்து வந்த பலகாரத்தை, தள்ளிப் படுக்க வைத்திருக்கிறவள் என்று பாராமல் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தவளும் அவள்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த வார்டில் நான் தேறினேன். வெளியே கொதிக்கிற வெயில். பினாயில் நாற்றம். மின்விசிறி ஒன்று ஓடும், ஓடாது. குற்றாலத்துக் காற்றில் ஒரு முழம்கூட அங்கே வராது. ஆனாலும் விசில் நின்றுவிட்டது. சளியில் கிருமியும் தெரியவில்லை. அப்படியானால் வேறு என்ன என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். நிழலுக்கு அர்த்தம் தெரியாமல் அனுப்ப முடியாது என்றார். வீட்டுக்குப் போனால் மறுபடியும் வருமே என்கிற பயம் எனக்கு. வராவிட்டாலும், நிழல் நிழலாகவே இருந்தால் வடிவு சிவகிரியிலேயே இருந்துவிடுவாளே என்கிற பயம் அதைவிடப் பெரிது. தங்கை வீட்டில் அவள் இப்போது யாரை அம்மா என்று கூப்பிடுகிறாளோ என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன். அத்தானிடம் கேட்க தைரியம் வரவில்லை.

ஆடி நடுவில் அத்தான் வந்தார். ஆஸ்பத்திரித் தலையணை கல்லாக இருக்கிறது என்று முந்தின தடவை வாய்தவறிச் சொல்லியிருந்தேன். மனுஷர் மேற்கு அறையிலிருந்து இலவம்பஞ்சுத் தலையணையை ஒரு சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அத்தனை சந்தோஷம். வீட்டு வாசனை அடிக்கிறது என்று அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவர் ஆரஞ்சுப்பழம் உரித்து முடிப்பதற்குள் எனக்கு விசில் ஆரம்பித்துவிட்டது. சுளையைக் கையில் வைத்துக்கொண்டே டாக்டரைத் தேடி ஓடினார்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். மூச்சு வந்த பிறகு, “இன்னைக்கு என்ன புதுசா நடந்துச்சு?” என்று கேட்டார். அத்தான் விழித்தார். ஞானம்மாள்தான் கட்டிலில் இருந்தபடியே தலையணையைக் கைகாட்டினாள். டாக்டர் அதை எடுத்து மோந்து பார்த்தார். வராந்தாவுக்குக் கொண்டுபோய்க் கத்தரிக்கோலால் தையலைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே பஞ்சு கட்டி கட்டியாக இறுகி, பூசணம் பிடித்துக் கிடந்தது. எங்கள் சுவரில் இருக்கிற அதே கறுப்புப் புள்ளிகள். தட்டியதும் மெல்லிசாகத் தூள் பறந்தது.

பிறகு அவர் என் கட்டிலுக்கு அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். சன்னல் எந்தத் திசை, சுவர் எப்படி, எந்த மாதத்தில் அதிகம், எப்போது குறைகிறது. ஆலங்குளத்தில் கடலை மிட்டாய் கேட்ட கதையைச் சொன்னேன்.

“உங்களைக் குற்றாலத்துக்குப் போன்னு சொன்னது நான்தானே?” என்றார். “எந்த ஊர்னு முதல்லயே கேட்டிருக்கணும்.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நோயின் பெயர் ஆஸ்துமா. மூச்சுக் குழாய் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகிறதாம். எனக்கு அந்தச் சின்னக் கிளைகள் சில சமயம் சுருங்கிக்கொள்கின்றன, உள்ளே சளியும் கட்டிக்கொள்கிறது. கெட்டிச் சளி ஒரு கிளையை அடைத்து, அதற்கு அப்பால் இருக்கிற நுரையீரல் சுருங்கியதுதான் படத்தில் நிழலாகத் தெரிந்தது. காற்றில் விஷம் ஒன்றும் இல்லை. மலைச்சந்து வழியாக ஓயாமல் வருகிற ஈரம், சன்னலைச் சாத்தாத வீட்டுக்குள் புகுந்து, சுவரிலும் பஞ்சிலும் பாயிலும் தங்குகிறது. அந்த ஈரத்தில் பூசணம் வளர்கிறது. அதன் தூள்தான் எனக்கு ஆகவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது, எனக்குச் செய்யும். ஆலங்குளத்துக்குக் கிழக்கே சாரல் எட்டாது, அதனால் அங்கே எனக்கு மூச்சு வருகிறது. மறுபடியும் படம் எடுத்தார்கள். நிழல் கலைந்திருந்தது.

அதைக் கேட்க அத்தையும் வந்திருந்தாள். டாக்டர் சொல்லி முடித்ததும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

“எங்க ஊரு காத்தாலயா நோய் வரும்? ஊரு உலகமே அங்கன வந்துதான் பொழைச்சுப் போவுது! நானும் அந்த வீட்டுலதான் நாப்பது வருசமா மூச்சு விடுதேன். எனக்கு ஏன் வரல?”

“உங்களுக்கு வரலம்மா. உங்க மருமகளுக்கு வருது” என்றார் டாக்டர்.

“மேல்காத்துச் சன்னலைச் சாத்திட்டு நாங்க எப்பிடிய்யா பொழைக்கது?”

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். குரல் மாறிவிட்டது.

“அப்போ, புள்ளைக்கு ஒட்டாதா?”

“ஒட்டவே ஒட்டாது. குழந்தை தாராளமா அம்மா மடியில இருக்கலாம்.” நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை நாள் கிடந்தேன். ஆனால் டாக்டர் நிறுத்தவில்லை. “ஒட்டாது. ஆனா இது குடும்பத்துல வர்றது உண்டு. அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம். வராமலும் போகலாம். கவனமாப் பார்த்துக்கங்க.” ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பாதி வாங்கிக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இருப்பதைத்தானே சொல்ல முடியும்.

சாரல் அடங்குகிறவரைக்கும் அனுப்ப மாட்டேன் என்று ஆவணி கடைசியில்தான் விட்டார். ஞானம்மாள் எனக்கு முன்னமே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். போகும்போதும், அடுத்த சீசனுக்கு உன் வீட்டுக்குத்தான் வருவேன், அந்தச் சன்னல் அறையைத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் சொன்னதையெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டவள். அப்படியும் அவளுக்குக் குற்றாலம் குற்றாலம்தான்.

மேலகரத்தில் காரிலிருந்து இறங்கி, தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். மேற்கு அறையில் சன்னல் இல்லை. இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்து, சிமெண்டு பூசியிருந்தது. பூச்சு இன்னும் வெள்ளையடிக்கப்படாமல் சாம்பல் நிறமாகவே இருந்தது. மெத்தை, தலையணை எல்லாம் போய், அறையில் வெறும் கோரைப்பாய். அத்தான் தலையை ஆட்டி உள்ளே காட்டினார். அவர் வேலை இல்லை என்று அர்த்தம்.

“என்ன அத்தை, சன்னலை அடைச்சிட்டியே?” என்றேன்.

“பல்லி வருதுட்டி. அந்தச் சன்னல் வழியா பல்லியா வருது. சனியன்” என்றாள் அத்தை. அடுப்படிக்குள் போய், அங்கிருந்து, “அங்கனயே நிக்காதே, காபி ஆறுது” என்று சத்தம் போட்டாள். காபி வந்தது. எல்லோருக்கும் இருக்கிற தம்ளரில் வந்தது.

மறுநாள் அத்தையே சிவகிரிக்குப் போய் வடிவைக் கூட்டி வந்தாள். குழந்தை என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டது. மெதுவாக வந்து, என் முகத்தைப் பார்த்து, அப்புறம் தானாகவே நெஞ்சில் காதை வைத்தது. “கார்டு மாமா இல்ல” என்றது ஏமாற்றமாக. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் நெஞ்சுதான் எனக்குப் பஞ்சாங்கம். என்னைப் போன்றவர்கள் தங்கள் ஊரை இப்படி ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். புரட்டாசியில் களத்தில் நெல் தூற்றும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கேயிருந்து வருவது, நேரே பெய்துவிட்டுப் போய்விடும், பெரிய தொந்தரவில்லை. மார்கழியில் காற்று அசையாது. விடியற்காலையில் எல்லா வீட்டு அடுப்புப் புகையும், நெல் அவிக்கிற புகையும், ஆலைப் புகையும் மேலே போக வழியில்லாமல் மலையடிவாரத்தில் பனியோடு பனியாகத் தேங்கிக் கிடக்கும். பத்து வீடு தள்ளி யாருடைய வீட்டில் விறகு ஈரம் என்று படுக்கையிலேயே சொல்லிவிடுவேன். வெயில் ஏறிக் கலைக்கிறவரைக்கும் வெளியே தலைகாட்டுவதில்லை. மாசி, பங்குனி, சித்திரை எனக்குச் சொர்க்கம். ஊரே வெயிலைத் திட்டும்போது நான் கும்பிட்டுக்கொள்வேன். ஆனி, ஆடி இரண்டும் இங்கே ஆகாது. கிழக்கே வீரகேரளம்புதூரில் அத்தான் ஒரு சின்ன வீடு பிடித்திருக்கிறார். அங்கேயும் அந்த மாதங்களில் காற்று அடிக்கும், புழுதியும் பறக்கும். ஆனாலும் காய்ந்த காற்று. புழுதியைத் துடைத்துவிடலாம், ஈரத்தைத் துடைக்க முடியாது.

சன்னல் இல்லாத மேற்கு அறைக்கு முன்போல ஆள் வருவதில்லை. காற்று எங்கே என்று கேட்கிறவர்களுக்கு அத்தை முற்றத்தைக் காட்டுகிறாள். “வெளியில நின்னு வேணுங்கிற மட்டும் வாங்கிக்கோங்க. அதுக்கு வாடகை கெடையாது” என்கிறாள். குடும்பம் இழுத்துப் பிடித்துத்தான் ஓடுகிறது.

போன வைகாசிக் கடைசியில் நானும் வடிவும் வீரகேரளம்புதூருக்குப் புறப்பட்டிருந்தோம். மத்தியான பஸ். மூட்டையெல்லாம் கட்டியாகிவிட்டது. ஆனி பிறக்க நாள் இருக்கிறது என்று மெத்தனமாக இருந்துவிட்டோம். அன்று காலையிலேயே மலை மறைந்து, சாரல் இறங்கிவிட்டது. சாலையில் குற்றாலம் போகிற பஸ்கள் ஜனங்களைப் பிதுக்கிக்கொண்டு போயின. இனி நாங்கள் ஏறப்போகிற பஸ்ஸில் எங்களையும் கண்டக்டரையும் தவிர ஆள் இருக்காது. ஊரே மூச்சு வாங்க மேற்கே வரும்போது, மூச்சு வாங்கக் கிழக்கே போகிறவர்கள் நாங்கள்.

வடிவு முற்றத்தில் சாரலில் ஆடிவிட்டு, தலை துவட்டி, மேற்கு அறையில் என் பக்கத்தில் வந்து பாயில் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். நானும் கண்ணயர்ந்திருப்பேன். விசில் சத்தம் கேட்டு விழித்தேன்.

மெல்லிய விசில். நூல் மாதிரி. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? குழந்தையின் முதுகு என் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. வம்சத்தில் வரலாம் என்று டாக்டர் சொன்னது ஒன்றுதான் காதில் இருந்தது. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. நான் என் மூச்சை நிறுத்தினேன். இளைப்புக்காரிக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் கிடையாது. பல்லைக் கடித்து, கையால் வாயைப் பொத்தி, நெஞ்சு வெடிக்கிறவரைக்கும் நிறுத்தினேன்.

விசில் நின்றுவிட்டது. குழந்தையின் முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், சுத்தமாக.

மூச்சை விட்டேன். விசில் மறுபடியும் வந்தது, இன்னும் பலமாக. இருமலும் சேர்ந்துகொண்டது. அத்தை அடுப்படியிலிருந்து மாத்திரையோடு ஓடிவந்து, நான் இளைத்துக்கொண்டே சிரிப்பதைப் பார்த்துப் பயந்து நின்றுவிட்டாள். வடிவு விழித்து, புரண்டு, தூக்கக் கலக்கத்தோடு என் நெஞ்சில் காதை வைத்தாள்.

“அம்மா, கார்டு மாமா வந்துட்டாக.”

“ஆமா கண்ணு” என்றேன். “அம்மாகிட்டதான் இருக்காக. அம்மாகிட்டயே இருக்கட்டும்.”